பத்தாவது ஆள்

"பாக்கெட்டைத் தடவிப் பார்க்க ஒரு ஆளாம். அதுவும் யாரு? முதலாளியோட மச்சினன்."

துணி மடிக்கும் அக்கா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். இருந்தும் சலவைக்கடை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை ஓங்கி வைத்தார்.

மச்சினன் வாசலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். துவைக்கப் போகும் சட்டை, பேன்ட்டுகளின் பைகளில் கைவிட்டு, பேனா, சீட்டு எதுவும் இருந்தால் எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். இத்தனை நாளும் துவைக்கிறவர்களே போகிற போக்கில் செய்துவந்த வேலை. வந்த இரண்டாம் நாளே அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாயிற்று.

"அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா? அனல்ல நிக்கிறீங்களே," என்று எழுந்து வந்தான் மாப்பிள்ளை.

"எனக்குக் கை கால் நல்லா இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே முக்காலிக்குத் திரும்பினான். அந்தச் சிரிப்பு வேறு இஸ்திரிக்காரருக்கு எரிச்சலாக இருந்தது.

"பக்கத்துல ஆளைக் குறைக்கிறாங்க. இங்க சேர்க்கிறாங்க," என்றாள் அக்கா.

பக்கத்து அச்சகத்துச் சங்கதி தெரு முழுக்கத் தெரியும். ஏதோ புதுச் சட்டமாம். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமென்றால் முதலாளிக்குச் செலவு கூடுமாம். என்ன செலவு, எதற்கு என்று ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு பேர் இருந்த அச்சகத்தில் ஒரே நாளில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது மட்டும் எல்லோருக்கும் நன்றாக மனதில் பதிந்துவிட்டது.

சலவைக்கடையில் இதுவரை ஒன்பது பேர். மாப்பிள்ளையோடு சேர்த்து இப்போது பத்து.

"அப்ப ஒருத்தர் போகணும்," என்றார் இஸ்திரிக்காரர்.

"மச்சினனா போவான்? நம்மள்லதான் ஒருத்தர்."

அந்த ஒருத்தர் யார் என்பதில் இஸ்திரிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் ஆறு நாள் லீவு எடுத்தது அவர்தான். மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியிடம் உதவி கேட்டுப் போனபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"இப்ப என் கையில ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் பொறுங்க, ஏதாவது வழி பண்றேன்."

அடுத்த திங்கட்கிழமை மச்சினன் வந்து உட்கார்ந்தான். இதுதான் அவர் பண்ணிய வழி. மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அன்று வீட்டுக்குப் போனதும் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். 'இங்கே உண்மையில் வேலை செய்வது ஒன்பது பேர்தான். பத்தாவது ஆள் முதலாளியின் சொந்தக்காரன். பேருக்கு உட்கார வைத்திருக்கிறார். விசாரிக்கவும்.'

தபாலில் போட்ட பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

பத்து நாள் கழித்து அதிகாரி வந்தார். இஸ்திரி மேசைக்கு நான்கடி தள்ளித்தான் முதலாளியின் மேசை. அதன்மேல் கடிதத்தை விரித்தார்.

"உங்க மேல ஒரு புகார். வாசிச்சுப் பாருங்க."

முதலாளி வாசித்தார். முகம் வெளுத்துப்போனது.

"பயப்படாதீங்க," என்றார் அதிகாரி. "இது உண்மைன்னா உங்களுக்கு லாபம்தான். ஒன்பது பேர்னா சட்டம் உங்க பக்கமே வராது. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தச் சட்டப்படி தொழிலாளிகளுக்கு மருத்துவ அட்டை கேட்டு நீங்க கொடுத்த விண்ணப்பத்தை ரத்து பண்ணிடறேன். அதுக்காக மாசாமாசம் நீங்க கட்ட வேண்டிய பணமும் மிச்சம்."

இஸ்திரிக்காரரின் கை நின்றது. மருத்துவ அட்டையா?

"வேண்டாம் சார். பத்துப் பேர்தான்."

"ஊர்ல எல்லாரும் ஒன்பதாக்கத் துடிக்கிறாங்க. நீங்க தேடிப் போய்ப் பத்தாக்கியிருக்கீங்களே, ஏன்?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அட்டை இருந்தா, வேலை பார்க்கிறவங்க குடும்பத்துக்கும் ஆபரேஷன் இலவசம்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. ஒரே ஒரு ஆள் குறைஞ்சதால எங்களுக்குக் கிடையாதுன்னும் சொன்னாங்க. வெளியாள் கேட்கிற சம்பளம் கொடுக்க என்னால முடியல. மச்சினனைக் கெஞ்சினேன். இதைவிட நல்ல வேலையை விட்டுட்டு வந்திருக்கான்."

"யாருக்கு ஆபரேஷன்?"

"எங்க கடையில ஒருத்தர் வீட்டம்மாவுக்கு. அவர்கிட்ட இன்னும் சொல்லல சார். அட்டை கைக்கு வரட்டும்னு இருக்கேன். ஆசை காட்டிட்டுக் கிடைக்காமப் போனா தாங்கமாட்டார்."

இஸ்திரிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. எட்டி அந்தத் தாளைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கிவிடலாம் போலிருந்தது.

"புகார் வந்தாச்சு. உங்க வார்த்தை மட்டும் பத்தாது. தொழிலாளி ஒருத்தராவது சொல்லணும்," என்ற அதிகாரி, பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இங்க நிஜமா வேலை பார்க்கிறது எத்தனை பேர்?"

"பத்துப் பேர் சார்."

"கடிதத்துல ஒன்பதுன்னு இருக்கே?"

இஸ்திரிக்காரரால் முதலாளியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அதை எழுதினவனுக்கு எண்ணத் தெரியல சார்."