படுக்கையில் இருந்த சூடு

படுக்கை இன்றைக்கும் சூடாகத்தான் இருந்தது.

கல்லூரியிலிருந்து வந்ததும், பையைக்கூட இறக்கி வைக்காமல், அவள் கட்டிலைத்தான் தொட்டுப் பார்த்தாள். பூட்டிய அறை. சாவி அவள் கையில். ஒன்பது மணி நேரமாக யாருமே படுக்காத மெத்தையின் நடுவில் மட்டும், ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு கதகதப்பு.

மருத்துவம் முதல் வருஷம். காலையில் பிணத்தை அறுத்துவிட்டு, மத்தியானம் கை கழுவிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடிக்கிறவள். அவளே கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

இந்த அறை கிடைத்ததே அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள். விடுதிக்குக் கட்ட வழியில்லை. வெளியே விசாரித்தால் யானை விலை குதிரை விலை சொன்னார்கள். அப்பாதான் யாரையோ பிடித்து, இந்த மாடி அறையைப் பாதி வாடகைக்குப் பேசி முடித்தார். வீட்டுக்கார அம்மா போட்டது ஒரே நிபந்தனை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அறைப்பக்கம் வரக் கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது.

முதல் வாரம் தலையணையில் ஒரு பள்ளம். அடுத்த வாரம் ஒரு நரைமுடி. பிறகொரு நாள், அவள் மூடி வைத்த புத்தகம் எலும்புக்கூடு படத்தில் திறந்து கிடந்தது. நேற்று நடந்ததுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளைக் கோட்டில் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானை யாரோ அழகாகத் தைத்து வைத்திருந்தார்கள்.

"பேய்க்குப் பொத்தான் தைக்கத் தெரியுமாடி?" என்று தோழி சிரித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா பகல்ல ரூமை வேற யாருக்கோ விட்டிருக்கா. ஒரு கட்டிலுக்கு ரெண்டு வாடகை."

பேயே தேவலை என்றிருந்தது அவளுக்கு. தான் முகம் புதைத்துத் தூங்கும் தலையணையில் யாரோ ஒரு ஆள். காலி பண்ணலாமென்றால், இந்த வாடகைக்கு வேறு இடம் ஏது? படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்பாவிடம் சொல்லவும் மனசில்லை. தினமும் ஏழு மணிக்குக் கூப்பிட்டு, கடையில் நல்ல வேலை வருகிறது, நீ எதையும் யோசிக்காமல் படி என்கிற மனிதர்.

வியாழக்கிழமை காய்ச்சல் கொதித்தது. பன்னிரண்டு மணிக்கே திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் அஞ்சு ஆகலையேம்மா."

"ரூம்ல யாரு இருக்காங்க?"

அந்தம்மா மாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்கிட்ட வாடகை வாங்கறீங்க. உங்களுக்கே இது நியாயமாப் படுதா?"

"ஒரு வாடகையத்தான் நீங்க ரெண்டு பேரும் பாதிப் பாதியாக் குடுக்கறீங்க." அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. ராத்திரி பூரா நின்னுகிட்டே காவல் காக்கற மனுஷன். இப்பதான் கண்ணசந்தார்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இடித்துக்கொண்டு ஏறினாள்.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

காதை வைத்துக் கேட்டாள். மெல்லிய குறட்டை. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. எங்கேயோ கேட்ட சத்தம் போலிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தட்டக் கையை ஓங்கினாள். தைரியம் வரவில்லை. பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் எனக்கு ஃபோன் பண்ணு என்று அப்பா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அப்பா நம்பரை அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

குறட்டை நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஃபோனிலும் கதவுக்குப் பின்னாலும் ஒரே குரல், தூக்கத்தை விழுங்கிக்கொண்டு, சேர்ந்தாற்போல் கேட்டது:

"சொல்லும்மா. ஊர்ல கடைலதான் இருக்கேன். மெஷின்ல உக்காந்து ஒரு சட்டை தைச்சுக்கிட்டு இருக்கேன்."