பத்தாம் வரிசை, நடு இருக்கை

வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு லோவெல் பெட்டியைத் திறந்தபோது, நூலகத்தின் கூட்ட அறையில் இருந்த பதினாறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். உள்ளே வைரமும் இல்லை, யாருடைய அஸ்தியும் இல்லை. ஒரு சினிமா டிக்கெட் இருந்தது.

"யாரும் தொடாதீங்க. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டாலே போச்சு," என்றார் லோவெல்.

டேட்டன் நகர எழுபது எம்.எம். ரசிகர் மன்றத்தில் இப்படித்தான். பேரக்குழந்தையை யார் வேண்டுமானாலும் தூக்கிக் கொஞ்சலாம், டிக்கெட்டைத் தொடக் கூடாது.

பூட்டிக் கிடந்த மெரிடியன் தியேட்டரைப் புதுப்பித்து அடுத்த மாதம் திறக்கிறார்கள். 1966-இல் திறப்பு விழா அன்று ஓடிய அதே கடற்போர்ப் படத்தை, அதே வளைந்த திரையில், ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள். இடமெல்லாம் இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது பத்தாம் வரிசையின் நடு இருக்கை மட்டும்தான். அது, முதல் நாள் அந்தத் தியேட்டரில் இருந்த ஒருவருக்கு. பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து இருக்கையிலேயே பதித்துவிடுவார்கள். அந்த ஒருவர் யார் என்பதை மன்றம் இன்று முடிவு செய்ய வேண்டும்.

போட்டியில் இரண்டே பேர். ஒருவர் லோவெல். இன்னொருவர், வாசலில் குலுக்கல் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த டார்லீன்.

டார்லீன் மன்றத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சேர்ந்த அன்றே அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். சுருளில் வரும் இரட்டைச் சீட்டைப் பார்க்காமலே ஒற்றைக் கையால் கிழித்து, பாதியை வந்தவர் கையிலும் பாதியைக் காப்பி டப்பாவிலும் போட்டுவிடுவார். வரிசை நிற்பதே இல்லை. மற்றபடி, திரையின் அகலம் எத்தனை அடி என்பது போன்ற உலகப் பிரச்சினைகளில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"டார்லீன், முதல் நாள் டிக்கெட் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் தலைவர் ஹார்லன்.

"டிக்கெட் இல்ல. ஆனா அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். அதுக்கப்புறம் படம் ஓடின பதினோரு மாசமும் அங்கதான் இருந்தேன்."

"பதினோரு மாசமா? அவ்வளவு பிடிச்சுப்போச்சா படம்?"

"தெரியல. ஒரு தடவைகூட முழுசாப் பார்க்கக் கொடுத்துவைக்கல. அதான் இந்த ஒரு வாட்டியாவது..."

"பதினோரு மாசமும் தூங்கிட்டீங்களோ?" என்றார் செயலாளர் டுவைட். அறை சிரித்தது.

"அப்படி இல்ல. நான் அங்க..."

"நேரமாச்சும்மா," என்றார் ஹார்லன். "வெறும் ஞாபகத்தை எல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது." வாரம் தவறாமல் கூடி ஞாபகங்களை மட்டுமே பேசும் மன்றத்தின் தலைவர்தான் இதைச் சொன்னார்.

டார்லீன் மறுபடியும் சீட்டுச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் வாடிப்போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

லோவெல் எழுந்தார். எழுந்தால் அவ்வளவு லேசில் உட்காரமாட்டார். திரைச்சீலை எத்தனை நொடியில் விலகியது, பீரங்கிச் சத்தம் எந்த ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி எந்த ஒலிபெருக்கிக்குப் போனது, இடைவேளை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். முப்பது வருடமாக இதே ஒப்பிப்புதான். நிமிடம் மட்டும் அவ்வப்போது மாறும்.

ஹார்லன் பூதக்கண்ணாடியோடு டிக்கெட்டின் மேல் குனிந்தார். ஒரு நகைக்கடைக்காரர்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்.

"தேதி சரி. காட்சி நேரம் சரி. மடிப்பு இல்ல, கிழிசல் இல்ல, கறை இல்ல, ஓரம்கூட நையல. நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு." அவர் குரல் தழுதழுத்தது. "என் வாழ்நாள்ல இப்படி ஒரு முதல் நாள் டிக்கெட்டை நான் பார்த்ததில்ல. லோவெலுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

பதினைந்து கைகள் உயர்ந்தன. லோவெல் தன் கையையும் சேர்த்துத்தான் தூக்கியிருந்தார்.

டார்லீன் சுருளைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள போனது ஞாபகம் இருக்கா லோவெல்?"

"நேத்து நடந்த மாதிரி இருக்கு." லோவெல் கண்களை மூடிக்கொண்டார். "பெரிய கண்ணாடிக் கதவு. பக்கத்துல ஒரு பொண்ணு நின்னா. சிவப்புச் சட்டை, தங்க நிறப் பொத்தான். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க. எனக்கு அப்போ பதினேழு வயசு. அந்தச் சிரிப்பை இன்னைக்கு வரைக்கும் மறக்கல."

இரண்டு மூன்று பேர் பெருமூச்சு விட்டார்கள். டுவைட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா டார்லீன்," என்றார் ஹார்லன். "ஞாபகம்னா இப்படி இருக்கணும்."

"சட்டை பச்சை," என்றார் டார்லீன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஹார்லன்.

"நான்தானே போட்டிருந்தேன். டிக்கெட்டைக் கிழிக்காம ஒருத்தரைக்கூட நான் உள்ள விட்டதில்ல."