எதிர்வீட்டுச் சத்தம்

"இதுவும் போச்சு! இத்தனை மாச உழைப்பும் வீண்!"

எதிர்வீட்டு வேதியியல் ஆராய்ச்சியாளர் ஆய்வகத்திலிருந்து வந்ததும் கத்தத் தொடங்கிவிட்டார். புதிதாகக் குடிவந்த ஆசிரியை தினமும் கேட்கிற கூச்சல்தான். ஆராய்ச்சியாளருடைய மனைவியின் குரல் மட்டும் எழும்புவதே இல்லை.

"செம்பை வச்சு செஞ்ச புது மருந்து, புற்றுநோய் செல்லோட நல்ல செல்லையும் சேர்த்துக் கொன்னுடுச்சு! காதுல விழுதா?"

ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினார்.

"ஏன் சார், ஆராய்ச்சி சரியா வரலன்னா அந்தம்மா என்ன பண்ணுவாங்க? அவங்க மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?"

"மெதுவா சொன்னா அவளுக்குக் கேக்காதுங்க."

"கேக்காம என்ன? தெருவுக்கே கேக்குது!"

அவர் விலகி நின்றார். உள்ளே அவர் மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசலில் இவ்வளவு பேச்சு நடந்தும் திரும்பவில்லை.

"அவளுக்குப் புற்றுநோய் வந்தப்ப பிளாட்டினத்துல செஞ்ச மருந்து கொடுத்தாங்க. உயிரைக் காப்பாத்திடுச்சு, காதை எடுத்துக்கிச்சு. காதைக் கெடுக்காத மருந்து ஒண்ணைத்தான் தேடிட்டிருக்கேன். எதைச் செஞ்சாலும் தோத்துப் போறேன். இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா. அதான் சொல்லிட்டிருந்தேன்."

ஆசிரியையின் குரல் இறங்கியது. "அந்த மருந்து கிடைச்சா இவங்களுக்குப் பழையபடி கேக்குமா?"

"கேக்காதுங்க. போனது போனதுதான். இனிமே வர்றவங்களுக்காவது காது தப்பட்டும்னு, தினமும் காலையில என்னை ஆய்வகத்துக்குத் துரத்திவிடுறதே இவதான்."