அண்ணா வாசித்த ஜப்பான் மொழி

விடுதிக்காரன் பொலிஸ் பதிவைக் கேட்கவில்லை.

இன்றிரவு இங்கே தங்குகிறீர்களா என்று மட்டும் டிவித் திரையில் ஆங்கிலத்தில் கேட்டான். ஆம் என்பதை அழுத்தினேன்.

"என்னவாம்?" என்றார் எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த அம்மா. கண்ணில் ஒப்பரேசன் செய்து ஒரு வாரம். டிவியில் நிறங்கள் அசைவது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"பதிவும் ஐடென்டிட்டியும் கேக்கிறான் அம்மா. இல்லாட்டி அறை இல்லையாம்."

அம்மா சிரித்தார். அண்ணாவின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறார்.

கஜேந்திரன் அண்ணா இந்த வீடியோ விளையாட்டைக் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி வந்தது, அப்பா வேலைக்குப் போய்த் திரும்பி வராத வருடம். களவாகப் பிரதி எடுத்த டிஸ்க். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. வாளோடு ஊர் ஊராக நடக்கும் ஒருவனின் கதை. சண்டையைவிடப் பேச்சுத்தான் அதிகம்; பேச்சு விளங்காவிட்டால் விளையாட ஒன்றுமில்லை.

அண்ணா எனக்கு வாசித்துச் சொல்வார். பம்பலப்பிட்டியில் வகுப்புக்குப் போய் ஜப்பான் மொழி படித்ததாகச் சொல்லியிருந்தார். எனக்கு ஒன்பது வயது. நம்பினேன்.

கொழும்பில் தமிழரிடம் கேட்பதுபோல உலகம் முழுவதும் லொட்ஜில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும் என்றும் நம்பினேன். மந்திரம் தெரிந்த பெண் பாதிக் கதையில் காணாமல் போனதற்குக் காரணம், அவளுக்குக் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் வந்ததுதான் என்றும் நம்பினேன்.

இப்போது யாரோ இந்த விளையாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் விட்டிருக்கிறார்கள். அண்ணாவின் கூட்டாளி நிலாம், திவசத்துக்கு வந்தபோது என் மடிக்கணினியில் ஏற்றி, டிவியோடு இணைத்தும் தந்தார். "இதுக்கு வயசு போயிட்டு தங்கச்சி. பார்த்தா சிரிப்புத்தான் வரும்" என்றார்.

உண்மைதான். யாருக்கும் மூக்கு இல்லை. விரல்கள் ஒட்டிப்போய்க் கை மரக்கட்டையாக இருக்கிறது. எதிரிகள் எங்கள் முறை முடியும்வரை மரியாதையாக நிற்கிறார்கள். அந்த நாளில் அண்ணாவின் முதுகுக்குப் பின்னால் என்னை ஒளிய வைத்த பூதம், கசங்கிய கடதாசிப் பை.

அம்மாவுக்கு அந்தக் குறையெல்லாம் தெரியாது. "கனடாக்காரி வந்திட்டாளோ?" என்று இடைக்கிடை கேட்கிறார்.

தம்பி சொன்ன மாதிரியே சொல்லு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்; அண்ணாவை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அந்த நாட்களில் குசினிக்குள் சமைத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆகவே நான் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணாவின் தமிழைச் சொல்கிறேன். காலி வீதியில் பஸ் மோதி இறந்த அண்ணாவிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சு.

அப்பாவுக்குத் திவசம் இல்லை. அம்மா இன்றும் பொட்டு வைக்கிறார். மரணச் சான்றிதழ் தரலாம் என்று சொன்ன அதிகாரியின் முன்னாலிருந்து எழுந்து வந்தவர். வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டை விட்டு மாறவும் சம்மதிக்கவில்லை. அப்பா வந்தால் எங்களை எங்கே தேடுவார்?

அந்த நம்பிக்கையில் யாரும் கை வைக்கக்கூடாது என்பதில் அண்ணா கண்டிப்பாக இருந்தார். அவருக்குப் பிறகு அது என் பொறுப்பு.

திரையில் துறைமுக ஊர் வந்தது.

சன்னல் இல்லாத நீளக் கட்டடம். கல் மேசையில் வெள்ளைத் துணியால் மூடி ஏதோ கிடக்கிறது. ஒருவன் துணியின் முனையைத் தூக்குகிறான். கதாநாயகன் குனிந்து பார்க்கிறான். நிமிர்ந்து, இல்லையென்று தலையாட்டுகிறான். வெளியே போகிறான்.

இன்று காலை பிடித்த சூரை, வாங்குகிறாயா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வேண்டாம் என்பது பதில்.

மீன் கடை.

சிரிக்கத் தொடங்கி நிறுத்தினேன்.

அண்ணா இந்த இடத்தை வாசித்தது, களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்று. பிணவறையில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்து ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள். அம்மாவை மறித்துவிட்டு அண்ணா போனார். பதினெட்டு வயது. திரும்பி வந்து, அது அப்பா இல்லை என்றார். அம்மா சாமிப் படத்துக்கு விளக்கேற்றினார். பின்னேரம் விளையாட்டில் நாங்கள் இருவரும் இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"அது அவன்ட அப்பாதான்" என்று அண்ணா திரையைப் பார்த்து வாசித்தார். "ஆனா இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறான்."

ஏன் பொய் சொல்கிறான் என்று கேட்டேன்.

வீட்டில ஆக்கள் இருக்கினம் தானே என்றார்.

"என்னவாம் பிள்ளை?" அம்மா இரண்டாம் முறை கேட்டார்.

மீன் விற்கிறான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணா சொன்னதை அவர் குசினியிலிருந்து கேட்டவர். நான் மாற்றிச் சொன்னால், அன்றைக்கு அந்தக் கதை எங்கேயிருந்து வந்தது என்று யோசிப்பார். அது விளையாட்டில் உள்ளது என்றே அவருக்கு இருக்கட்டும்.

அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். அது அவன்ட அப்பாதான். ஆனா இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறான்.

கரையோரமாக ஒரு ரயில் போனது.

"அவன்ட தாய்க்குத் தெரியும் பிள்ளை" என்றார் அம்மா. "பெடியன் தாங்கமாட்டான் எண்டுதான் அவ ஒண்டும் கேக்கேல்ல."

"ஓம் அம்மா" என்றேன்.

அந்த விளையாட்டில் கதாநாயகனுக்குத் தாய் இல்லை.