வீட்டில் என்ன இருக்கிறது?

"புகை பிடிக்கிறது யாரு? உன் வீட்டுக்காரரா, மாமனாரா? உண்மையைச் சொல்லு!"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில், மருந்துப் புகை ஏற்றும் முகமூடியோடு தாயின் மடியில் கிடந்த ஏழு மாதக் குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. அழக்கூட மூச்சு போதவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

"யாரும் இல்லீங்க. அவரு வெளியூர்ல லாரி ஓட்டறாரு. வீட்டுல நானும் இவனும்தான்" என்றாள் தாய்.

"பூனை வளக்கறியா? கொசுவத்தி ஏத்தறியா? பழைய கம்பளி ஏதாவது போத்தறியா?"

"எதுவுமே இல்லீங்க டாக்டரம்மா."

ஒரே மாதத்தில் இது நாலாவது தடவை. மருந்து கொடுத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுபடியும் இழுப்பு வந்து நிற்கும். பதினெட்டு வருஷம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து, சொந்தமாக இரண்டு மாடியில் ஆஸ்பத்திரி கட்டியவர் டாக்டரம்மா. எதனால் இழுப்பு என்று கண்டுபிடிக்காமல் அவர் விட்டதில்லை. இந்தப் பொடியன் மட்டும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான்.

தாயைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. தான் எத்தனை சீக்கிரம் வந்தாலும், அவள் தனக்கு முன்னால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மனசுக்குள் அவளுக்கு 'முதல் டோக்கன்' என்றே பேர் வைத்திருந்தார்.

"வேலைக்குப் போறியா?"

"ஆமாங்க. அதான் வந்து..."

"அதானே பாத்தேன்! வீட்டைக் கூட்டிப் பெருக்க எங்கே நேரம் இருக்கப்போவுது? மூலைமுடுக்கெல்லாம் தூசி அடைஞ்சு கெடக்கும். நான் தொண்டை வத்தக் கத்துறேன், நீ அங்கே அப்படியே போட்டு வெச்சிருப்பே!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சீட்டில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு தானே கிளம்பிப் போனார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்தவள் அவசரமாக ஒதுங்கி வழி விட்டாள்.

ஒற்றை அறைதான். ஆனால் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு ஜன்னலிலும் வெயில் கொட்டியது. டாக்டரம்மா மெத்தையைப் புரட்டினார். சுவரைத் தடவினார். அலமாரிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. திரைச்சீலையை முகர்ந்தார், வெயில் வாசனை.

ஏமாற்றத்தில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. குழந்தையைத் தூக்கி முதுகில் காதை வைத்துக் கேட்டார். விசில் இல்லை. பொடியன் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்துச் சிரித்தான்.

"இவனுக்கு எப்ப சரியாச்சு?"

"ஞாயித்துக்கிழமைன்னா நல்லாத்தாங்க இருப்பான். அன்னிக்கு எனக்கு லீவு."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப மத்த நாள்ல புள்ளை எங்கே இருக்கான்?"

அவள் புடவை முந்தானையை முறுக்கினாள். "பாத்துக்க ஆள் இல்லீங்க. வேலைக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். புள்ளைங்களைக் கூட்டியாரக் கூடாதுன்னு சட்டம். அதனால யாருக்கும் தெரியாம கீழ்த்தளத்துக் குடோன்ல..."

"குடோன்லயா?"

"அட்டைப்பெட்டியில துணி விரிச்சுப் படுக்க வெச்சுட்டு, நான் மேல போய்த் தரை துடைப்பேன். சுத்திப் பினாயில் கேனுங்க. ஜன்னல் கெடையாது. சுவரு பூரா பூஞ்சணம்."

டாக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. அவள் மேல் இருந்த கோபமெல்லாம் சட்டென்று திசை மாறியது.

"பச்சைப் புள்ளை சாமி இது! காத்தோட்டமா ஒரு ரூம் ஒதுக்கித் தரக்கூடத் துப்பில்லையா அந்த முதலாளிக்கு? இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேலை போயிடுங்க."

"எப்படிப் போவும்னு நானும் பாக்கறேன். இப்பவே போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்." கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "சொல்லு, எந்த இடம் அது?"

அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"உங்க ஆஸ்பத்திரிதாங்க, டாக்டரம்மா."