சக்களத்தி ரயில்

வர்ஷினி செல்போனை நீட்டியதுதான் தாமதம், வெள்ளியங்கிரி பேச ஆரம்பித்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பனியன்களில் தொங்கிய நூல் பிசிரை வெட்டிக்கொண்டிருந்த கருப்பாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவளிடம் நாலு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும் இந்த மனுசனுக்கு.

வர்ஷினி கல்லூரியில் படிக்கிற பிள்ளை. இந்தப் பக்கம் ஓடி நின்றுபோன குட்டி ரயிலைப் பற்றி வீடியோ எடுக்கிறாளாம். அந்தப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாக இருந்தவர்களில் மிச்சம் இவர் ஒருவர்தானாம்.

எந்த வளைவில் எஞ்சின் மூச்சு வாங்கும், எந்த மேட்டில் சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள், எல்லாம் சொன்னார். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

கருப்பாத்தாளுக்கு அந்த ரயில்தான் சக்களத்தி. செத்தும் விடாத சக்களத்தி.

தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு தலைமுறை ஆயிற்று. ஆனாலும் பொழுது சாய்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் மேட்டுக்குக் கிளம்பிவிடுவார். மழை என்றாலும் போவார். அவள் காய்ச்சலில் கிடந்தாலும் போவார்.

கடைசி ரயிலுக்கு மாலை போட்டு ஊரே ஏறிப் போனதாமே என்று கேட்டாள் வர்ஷினி.

தான் போகவில்லை என்றார் வெள்ளியங்கிரி.

கருப்பாத்தாளின் கத்தரி நின்றது.

அன்றைக்குத்தான் அவர்களுடைய தலைச்சன் பிள்ளை, பேர்கூட வைக்காத பிள்ளை, கண்ணை மூடியது. துணியில் சுற்றித் தூக்கிப் போனவர் இருட்டித்தான் திரும்பினார். அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. புதைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்லவும் கூடாது என்றார்கள்.

புதைத்த கையோடு அவர் ரயிலுக்கு மாலை போடப் போய்விட்டதாகவே இத்தனை காலமும் நினைத்து வெந்துகொண்டிருந்தாள்.

ரயில் மேட்டில் தினமும் எங்கே உட்காருவீர்கள், அங்கேயும் கொஞ்சம் படம் எடுக்கலாம் என்றாள் வர்ஷினி.

வெள்ளியங்கிரி கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அப்படியும் உள்ளே கேட்டது.

“மூணாவது பாலத்தோரம். எங்கூட்டு மூத்தவன் அங்கதான் கண்ணு இருக்கறான்.”

கருப்பாத்தாள் மடியிலிருந்த பனியன்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அழுகை வரவில்லை. பிள்ளையை இத்தனை வருசமும் இவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாரே என்று மறுபடியும் வயிறெரிந்தது.

கொடியில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

பிறகு தன் செருப்பைத் தேடினாள்.