கூர் இல்லாத எழுத்து

"வாங்கினு போய் பத்து நாள் ஆகல. அதுக்குள்ள மாத்திக் குடுன்னா எப்டிண்ணா?"

லோகநாதன் மேஜைமேல் வைத்த பெயர்ப் பலகையைப் பார்த்ததும் புவனேஸ்வரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகிற ரோட்டில் இருக்கும் அந்தக் கடையில், எந்தப் பெயருக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது அவள்தான். 'மதன்' என்ற இந்தப் பெயரை ஸ்டீல் தகட்டில் ஒல்லியாக, ஓரமெல்லாம் கூராக வெட்டியிருந்தாள். 'ன்' மேலே இருக்கும் புள்ளிக்குக்கூட நாலு முனை வைத்திருந்தாள். கடையிலேயே அதுதான் அழகு என்று அவளுக்கு நினைப்பு.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா எனக்கு அந்த எழுத்துல வோணும்."

அவர் சுவரைக் காட்டினார். ஐஸ்கிரீம் வண்டிக்காக வெட்டி மாட்டியிருந்த மாதிரிப் பலகை. தடித்தடியாய், கொழுகொழுவென்று, மருந்துக்கும் ஒரு மூலை கிடையாது.

"அதுவா? அது ஐஸ் வண்டிக்கும் பர்த்டே பேனருக்கும் போடறதுண்ணா. ஊட்டு வாசல்ல மாட்டினா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்மா."

ரசனை கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பழைய பலகையை எடுத்துப் பார்த்தாள். எழுத்தின் ஓரங்களில் காவியாய்க் கறை.

"இன்னாண்ணா இது? வெத்தலை போட்ட கையோட தொட்டீங்களா? தொடச்சாவது எடுத்துக்கினு வரக் கூடாதா?"

அவர் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைக்கப் பார்த்தார். போகவில்லை.

அக்ரிலிக்கில் குண்டு எழுத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். அதையும் அவர் சும்மா வாங்கவில்லை. ஒவ்வொரு ஓரமாகக் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் குத்துதும்மா."

உப்புத்தாளால் தேய்த்தாள்.

"புள்ளியாண்டயும் பாரும்மா."

"பேரைப் படிக்கத்தானே மாட்றது? நீங்க இன்னாத்துக்கு இப்டி தடவிக்கினே கீறீங்க?" என்றாள். பிறகு பாவமாக இருந்ததால் கொஞ்சம் சிரித்தாள். "மதன் உங்க பையனா? பேரு இவ்ளோ குண்டா இருந்தா கோச்சுக்கப் போறாரு."

"கோச்சுக்க மாட்டாம்மா."

பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். பழையதை அவர் மறந்துவிட்டுப் போனதைப் பார்த்து, எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் புவனேஸ்வரி.

ஷேர் ஆட்டோவில் அவர் மனைவி குப்பாயி உட்கார்ந்திருந்தாள். புதுப் பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைத் தடவ ஆரம்பித்தாள்.

லோகநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆடி மாசம் ஏரில படகு கவுந்துச்சும்மா. பையன் உடம்பு கூட கெடைக்கல. படத்துக்குக் கீழ வைக்கத்தான் அந்தப் பலகைய வாங்கினேன். இவளுக்குப் படிக்கத் தெரியாது. இதான் உம் புள்ள பேருன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து தடவிக்கினே கீறா, சொன்னா கேக்கல."

புவனேஸ்வரி அப்போதுதான் குப்பாயியின் கையைப் பார்த்தாள். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.

தன் கையில் இருந்த பழைய பலகையைக் குனிந்து பார்த்தாள். அது வெற்றிலைக் கறை இல்லை.